பிறர் கேளா ஓசை

திருவண்ணாமலைக்கு வருவோருள் கணிசமானோர் மௌனத்தைத் தேடி வருகின்றனர். 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதினராய் இவ்வூரை வந்தடைந்த இரமணர், 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை இம்மலையை விட்டு அகலவில்லை. பேச்சினும் மௌனமே ஆழ்ந்த உபதேசம் என்பது அவர் வாழ்ந்து காட்டிய நெறி. 1949 சனவரியில் பிரெஞ்சு நாட்டுப் புனித பெனடிக்ட் சபைத் துறவி ஆன்றி லெ சோ, தம் தோழர் அருள்தந்தை மோன்சானின் அவர்களோடு அவரைக் காண வந்தார். அடுத்த ஆண்டு இவ்விருவரும் காவிரிக் கரையில், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்ட லெ சோ, 1952 முதல் பலமுறை அருணாசலக் குகைகளில் தங்கித் தனிமையில் ஆழ்ந்தார் என்பது கத்தோலிக்கர் பலர் அறிந்த வரலாறு.

இத்தகைய ஊரில் ஒரு முரண்பாட்டை நாம் எண்ணிப் பார்க்கலாம். தியான மண்டபம் ஒன்றில் பலர் கண்மூடி அமர்ந்துள்ளனர். மின்விசிறியின் ஓசையும், எப்போதாவது வெளியே மயில் அகவுவதும் தவிர வேறு ஒலி இல்லை. அவர்களுள் ஒருவருக்கு மட்டும் அவ்வமைதி வாய்க்கவில்லை. காதுக்குள் சில்வண்டு ஒன்று ஓயாது இரைகிறது. மண்டபம் அடங்க அடங்க அவ்விரைச்சல் ஓங்குகிறது. பொறுக்கமாட்டாமல் எழுந்து வெளியேறிப் பேருந்து நிலையத்திற்கு வந்து, நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவும் சந்தடியில் நிற்கும்போதுதான் அவருக்குச் சற்று ஆறுதல் பிறக்கிறது. மௌனமே தண்டனையாகவும் கூச்சலே அடைக்கலமாகவும் மாறிப்போன மனிதர் அவர். மலையடிவாரத்தில் மட்டுமன்று, நம் தியான இல்லங்களிலும், நற்கருணை ஆராதனையின் மௌன வேளைகளிலும் இத்தகையோர் நம்மிடையே அமர்ந்திருக்கக்கூடும். நாம் அறியோம், அவர்களும் சொல்வதில்லை.

மருத்துவர் இதனை டின்னிடஸ் என்பர். மணிபோல் ஒலித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்த பெயர். நம் மக்கள் காதிரைச்சல் என்று எளிமையாகச் சொல்லிவிடுகின்றனர். சுசுருத சம்கிதை இதனைக் கர்ணநாதம் என்று குறித்துள்ளது. எனவே நோய் புதிதன்று. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான ஒரு கணிப்பின்படி, உலகில் வயது வந்தோருள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர், அதாவது 74 கோடிக்கும் மேற்பட்டோர், இதனை அனுபவித்துள்ளனர். அவர்களுள் 12 கோடிப் பேருக்கு மேல் கடுமையாக அல்லலுறுகின்றனர்.

இவ்வோசை எங்கிருந்து வருகிறது? உட்செவியில் நத்தைக்கூடுபோல் சுருண்ட உறுப்பொன்று உண்டு. அதனுள் நுண்மயிர் தாங்கிய உயிரணுக்கள், காது ஒன்றுக்கு ஏறத்தாழ 15,000, ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. மனிதரிடம் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதுமையில் அழியலாம், காசநோய்க்கு ஊசியாகச் செலுத்தப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளால் அழியலாம், பேரொலியாலும் அழியலாம். ஆரணிப் பக்கத்து அரிசி ஆலையிலும், விசைத்தறிக் கூடத்திலும், கல்லுடைக்கும் எந்திரத்தின் அருகிலும் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களின் காதுகளை நினைத்துக்கொள்க. செவியிலிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது, மூளை அதனை ஈடுசெய்யத் தன் கேள்திறனைக் கூட்டுகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். வானொலிப் பெட்டியில் நிலையம் சரிவரக் கிடைக்காதபோது ஒலியளவை ஏற்றினால், பாட்டுக்குப் பதிலாக வெற்றிரைச்சல் பெருகுமல்லவா? அதுபோன்றதே இது. சில வேளைகளில் காதில் அடைத்த குறும்பியே காரணமாகி, அதனை எடுத்ததும் தொல்லை நீங்குவதும் உண்டு. அது நற்பேறு பெற்ற சிலரின் கதை.

1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், செவிக்குறை ஏதுமில்லாத 80 பேரை ஒலிபுகா அறையில் ஒவ்வொருவராக அமர்த்தி, கேட்பதைக் குறித்து வைக்கச் சொன்னார்கள். 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஓசையைக் கேட்டதாக எழுதினர். ஆகவே முழு மௌனம் என்பது உடலோடு வாழும் எவருக்கும் எளிதில் கிட்டாத ஒன்று. நலமுற்றவருக்கும் நோயுற்றவருக்கும் இடையே உள்ள வேறுபாடு, அவ்வோசை மனத்தின் வாயிலில் நின்று தட்டிக்கொண்டே இருக்கிறதா, கூட்டத்தோடு கரைந்து போகிறதா என்பதிலும் இருக்கிறது.

இங்கேதான் திறன்பேசிச் செயலிகள் வந்து சேர்கின்றன. இவை நோயைத் தீர்ப்பதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். நேர்மையானவை அவ்வாறு சொல்வதுமில்லை. அவை செய்யும் வேலையை விளங்கிக்கொள்ளக் கார்த்திகைத் தீபம் துணைபுரியும். மலையுச்சியில் ஏற்றிய தீபம் இரவில் பல கல் தொலைவு தெரிகிறது. தொடர்ந்து 11 நாள் அது எரிகிறது. ஆயினும் நண்பகலில் தேடித்தான் காணவேண்டும். சுடர் குறைந்ததா? இல்லை; சுற்றிலும் வெளிச்சம் நிறைந்தது. செயலிகள் தரும் மழையோசையும் கடலோசையும் இவ்வகைப் பகல்வெளிச்சமே. காதிரைச்சலை அவை மூழ்கடிக்க வேண்டியதில்லை. அதனினும் சற்றுத் தாழ்ந்த அளவில் ஒலித்தாலே, இரண்டையும் ஒருங்கே கேட்கும் மூளை நாளடைவில் இதனைப் பொருட்படுத்தாது பழகும் என்னும் கருத்தை, 1990-ஆம் ஆண்டு முதல் யாஸ்ட்ரெபாஃப் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். கோயில் மணியருகே குடியிருப்பவர் அதற்கு விழித்தெழுவதில்லை என்பது நம் பாட்டிமாரும் அறிந்த உண்மை.

ஒலியோடு வேறொன்றையும் செயலிகள் தருகின்றன. ‘இது என் மூளையைத் தின்றுவிடும்’, ‘இனி நான் உறங்கவே மாட்டேன்’ என்று ஓடும் எண்ணங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி விசாரிக்கும் பயிற்சி அது. அறிதல் நடத்தைச் சிகிச்சை என்று உளவியலார் கூறுவது இதையே. சுவீடன் நாட்டில் கெர்ஹார்ட் ஆண்டர்சனும் அவர்தம் குழுவினரும் இதனை இணையவழியே வழங்கி ஆராய்ந்து, 2002-இலேயே முடிவுகளை வெளியிட்டனர். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 2020-இல் 28 ஆய்வுகளைச் சீர்தூக்கி, இச்சிகிச்சை காதிரைச்சல் வாழ்வில் விளைக்கும் துன்பத்தைக் குறைக்கக்கூடும் என்றது. வெறும் ஒலிச்சிகிச்சையைப் பற்றி 2018-இல் அவ்வமைப்பு வெளியிட்ட தொகுப்போ அத்தகைய உறுதியைத் தரவில்லை. எனவே மழையோசை மட்டும் போதாது. மனமும் பழக வேண்டும். ஜெர்மனியில் மருத்துவர் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுக்க, பொதுக் காப்பீடு செலவை ஏற்கும் செயலிகளின் பட்டியல் 2020-இல் தொடங்கப்பட்டபோது, அதில் முதலாவதாக இடம்பெற்றவற்றுள் ஒன்று காதிரைச்சலுக்கான கால்மெடா. நியூசிலாந்து, ஆஸ்திரேலிய ஆய்வாளர் தொடர்புடைய மைண்ட்இயர் என்னும் செயலியை 30 பேர் பயன்படுத்திய சிற்றாய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. மூவருள் ஏறத்தாழ இருவருக்குக் குறிப்பிடத்தக்க பயன் கிட்டியது. 30 பேர் என்பது சிறு எண்ணிக்கைதான். மிகைப்படுத்தாமல் இதை மகிழ்ந்து ஏற்கலாம்.

ஓர் எச்சரிக்கையையும் இவ்விடத்தில் சொல்லிவிடுவோம். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு ஒத்தெழும் ஓசை, திடீரென்று காது கேளாமற்போதல் ஆகியவற்றிற்குச் செயலியைத் திறக்கக்கூடாது. உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு நாள்களும் முக்கியம்.

இனி நம் உள்ளத்தை உறுத்தும் வினாவுக்கு வருவோம். தீர்க்காமல் ஆற்றுவது முறையா? விசுவாசிகளுள் சிலர் இன்னும் கடுமையாகக் கேட்பர்: துன்பம் சிலுவை எனில், அதனை மழையோசையால் மறைப்பது சிலுவையினின்று ஓடுவதாகாதா?

இதற்கு விடை தேட நமக்குக் கிடைத்துள்ள சான்று மிக உயர்ந்தது. அவிலா நகர்ப் புனித தெரேசா ஆன்மாவின் உட்கோட்டை பற்றிய தம் நூலை 1577 சூன் 2 அன்று தொலேதோ நகரில் எழுதத் தொடங்கி, நவம்பர் 29 அன்று அவிலாவில் முடித்தார். 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்ததற்கு இந்நூலும் ஒரு காரணம் எனலாம். அதன் முன்னுரையிலேயே, மூன்று மாதங்களாகத் தம் தலையில் இரைச்சலும் தளர்ச்சியும் மிகுந்து, அவசியமான மடல்களை எழுதுவதும் கடினமாயிற்று என்று புனிதை குறிப்பிடுகிறார். நான்காம் உறைவிடத்தைப் பற்றி எழுதும்போது திடீரென்று தம் நிலையை வருணிக்கிறார். பெருக்கெடுத்து விழும் ஆறுகள் பலவற்றின் முழக்கமும், சிறுபறவைகளின் சீழ்க்கையும் ஒருங்கே கேட்கின்றனவாம். அதுவும் காதில் அன்று, தலையின் மேற்பகுதியில். இன்றைய மருத்துவம் இதற்கு எப்பெயர் இடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். இத்தனை ஆரவாரத்திற்கும் நடுவே தம் செபம் தடைபடவில்லை, தாம் எழுதுவதும் தடைபடவில்லை, ஆன்மா தன் அமைதியில் முழுமையாக இருக்கிறது என்று அவர் கண்டுகொள்கிறார். மனத்தின் அலைச்சலைக் கண்டு கலங்கும் தம் சகோதரியர்க்கு இதையே ஆறுதலாகவும் எடுத்துரைக்கிறார்.

இப்பகுதியை நாம் இரு காரணங்களுக்காகப் போற்றுகிறோம். ஒலி நீங்காமலே அமைதி வாய்க்கக்கூடும் என்பதை, அனுபவித்த ஒருவர் சொல்கிறார். பயிற்சி வழியே செயலிகள் நாடுவதும் அந்நிலையின் ஒரு சிறு சாயலைத்தான். ஆழ்ந்த செபத்தின் வழியே புனிதை அடைந்ததில் ஒரு துளியை, ஆலைத் தொழிலாளி ஒருவர் கைப்பேசிப் பயிற்சியின் வழியே பெற்று இரவில் ஐந்து மணிநேரம் உறங்குவாராயின், விண்ணகம் அதனை வெறுக்குமென்று நாம் நம்பவில்லை. மற்றொன்று, புனிதை தம் இரைச்சலை மறைக்கவில்லை. மறைபொருளின் உச்சத்தைப் பற்றி எழுதும் நூலில், தலைவலிக்காரியைப்போல் அதனைச் சொல்லிவிட்டே மேலே செல்கிறார்.

புனித பவுல் தம் உடலில் தைத்த முள்ளை அகற்றுமாறு மும்முறை வேண்டியதும், அது அகலாமல் அருள் மட்டும் போதுமானதாகத் தரப்பட்டதும் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் உள்ளன. முள் எதுவென்று அவர் சொல்லவில்லை. ஆனால் மும்முறை வேண்டினார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வேண்டிப் பார்க்காமலே ‘சிலுவையாக ஏற்றுக்கொள்’ என்று பிறருக்குச் சொல்லும் உரிமை நமக்கு யார் தந்தது? அதே பவுலடிகள் தம்மோடு அன்பு மருத்துவர் லூக்காவையும் வைத்திருந்தார்.

அண்ணாமலையின் அடிவாரத்தில் வேறொரு வகை அவசரமும் உண்டு. திருமூலர், யோகநெறியில் முன்னேறியவர் உள்ளே கேட்கும் பத்துவகை நாதங்களைப் பட்டியலிடுகிறார். மணியோசையும் கடலோசையும் வண்டின் ஒலியும் அவற்றுள் அடங்கும். அம்மரபின் ஆழத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் உறக்கமின்றித் தவிப்பவர் ஒருவரிடம், ‘இது நாதம், உமக்குக் கிட்டிய பேறு’ என்று யாரேனும் வாழ்த்தினால், அது மருந்தாகாது, நகைப்பாக முடியும். ‘எல்லாம் உன் பிரமை’ என்பவரும், ‘இது தெய்வ நாதம்’ என்பவரும், ‘இது உன் சிலுவை’ என்று சட்டென்று சொல்லி நகர்பவரும் ஒரு வகையில் ஒருவரே. மூவரும் நோயாளி சொல்வதைக் கேட்டு முடிக்கவில்லை.

இந்நோயின் தனிக்கொடுமை இதில்தான் இருக்கிறது என்பது நம் எண்ணம். கால் முறிந்தவருக்குக் கட்டு உண்டு. காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. காதிரைச்சலுக்குச் சாட்சி இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. செவித்திறனைப் பொறுத்தவரை 60 டெசிபல், 70 டெசிபல் என்று இழப்பை அளந்து வகைப்படுத்துகிறது. இல்லாத ஒலி கேட்பது அதில் எவ்வகையிலும் சேராது. தொழிற்சாலைச் சட்டம் பேரொலியால் நேரும் செவித்திறன் இழப்பைத் தொழில்நோயாகக் குறித்திருந்தது. அங்கும் அளக்கப்பட்டது கேளாமைதான். சோதனைக் கூடத்தில் ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்தி, ‘உம் காது நன்றாக இருக்கிறது’ என்ற தாளோடு திரும்புபவரை வீட்டார் எப்படிப் பார்ப்பர்?

அத்தாள் முழு உண்மையையும் சொல்வதில்லை என்று அறிவியலே பின்னர் கண்டது. 2009-இல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் ஆகிய இருவர், பேரொலிக்கு உட்பட்டுப் பின் கேள்திறன் மீண்டுவிட்ட சுண்டெலிகளின் செவியை ஆராய்ந்தனர். சோதனையில் தேறிவிட்ட அச்செவிகளில், சில பகுதிகளில் பாதியளவு நரம்பு இணைப்புகள் அற்றுப்போயிருந்தன. 2011-இல் இலண்டனில் ஷெட், மக்கால்பைன் ஆகியோர், சோதனைத் தாளில் குறை ஏதுமில்லாத காதிரைச்சல் நோயாளிகளின் செவி நரம்பு எழுப்பும் முதற்குறி வலுக்குன்றியிருப்பதைக் காட்டினர். கருவி கண்டறியும் முன்னரே நோயாளி உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை ஆண்டுகள் அவர் சொல் நம்பப்படவில்லை என்பதே இழப்பு.

மெய்யியலறிஞர் விட்கன்ஸ்டைன், 1953-இல் அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த நூலில், ஒரு கற்பனையை முன்வைக்கிறார். ஒவ்வொருவரிடமும் ஒரு பெட்டி. உள்ளே இருப்பதை எல்லாரும் வண்டு என்கின்றனர். ஆனால் எவரும் பிறர் பெட்டிக்குள் பார்க்க முடியாது. (காதிரைச்சலைப் பற்றி எழுதும்போது வண்டு தானாகவே வந்து சேர்வது வேடிக்கைதான்.) அவர் அதனைக் கொண்டு மொழியைப் பற்றி வாதிட்டார். நாமோ அறத்தைப் பற்றிக் கேட்கிறோம்: பிறர் பெட்டியைத் திறக்கவே முடியாதெனில், அவருடைய சொல்லை ஏற்பது நமக்கு விருப்பமா, கடமையா? நீதிமன்றத்தில் சாட்சியின்றி வழக்கு நிலைக்காது. ஆனால் வேதனை வழக்கன்று. ‘எனக்கு வலிக்கிறது’ என்பவர் நம்மிடம் மெய்ப்பிக்க வரவில்லை. நம்மோடு இருக்க வருகிறார். சாட்சி கேட்பதற்கு முன்பே அவர் சொல்லுக்கு இடம் கொடுப்பது நீதியின் பாற்பட்டது என்றே நாம் கருதுகிறோம். ஏமாற்றப்படும் வாய்ப்பு உண்டுதான். அந்நட்டம் சிறியது.

செயலியின் ஈர்ப்பும் இங்கேதான் இருக்கிறது. திறந்தவுடன் அது கேட்கிறது: இன்று உம் இரைச்சல் எவ்வளவு? சுழியம் முதல் பத்து வரை ஓர் எண்ணைத் தொடுக. ஏழு என்றால் ஏழு. ‘நேற்று ஐந்து என்றாயே’ என்று அது வாதிடுவதில்லை. ‘வேறு வேலை இல்லையா’ என்று சலிப்பதில்லை. வீட்டில் எவரும் கேளாத கேள்வியை ஒரு கருவி கேட்கிறது. மனிதர் ஏன் அதனிடம் செல்கின்றனர் என்று வியப்போர் இதைச் சிந்திக்க வேண்டும். எனினும் அந்த நம்பிக்கைக்கு விலையில்லை. ஏழுக்குப் பதில் இரண்டு என்று பொய்யாகத் தொட்டாலும் அது அவ்வாறே ஏற்கும். நம்புவதால் அது எதையும் இழப்பதில்லை, தன் வழக்கத்தை மாற்றிக்கொள்வதுமில்லை.

அதனிடம் சொன்னது எங்கே செல்கிறது என்பதும் கேட்கத்தக்கது. ஒப்புரவு அருளடையாளத்தில் சொன்னதை அருள்பணியாளர் எக்காரணம் பற்றியும் வெளிப்படுத்தலாகாது என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 983-ஆம் விதி. செயலியிடம் சொன்ன தூக்கமின்மையும் மனச்சோர்வும் அவ்வாறு முத்திரையிடப்படுவதில்லை. யாரோ ஒருவரின் கணினியில் கணக்காகச் சேர்கின்றன. தனிநபர் தரவுகளைக் காக்க நம் நாட்டில் 2023-இல் சட்டம் இயற்றப்பட்டது நன்று. ஆயினும் சிறு எழுத்தில் நீளும் நிபந்தனைகளை வாசிக்காமலே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தொடுபவர்களாகவே நம்மில் பெரும்பாலோர் இருக்கிறோம். சில நாள் இலவசமாகத் தந்து, பழகியபின் சந்தா கேட்பனவும் உண்டு. நாம் பார்த்தவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகின்றன. மழையோசைக்கு மொழி வேண்டாம். ஆனால் நள்ளிரவில் அச்சத்தோடு உரையாட வேண்டிய பயிற்சிக்குத் தாய்மொழி வேண்டாமா? தமிழ்நாட்டின் செவியியல் கல்லூரிகளும், மருத்துவமனை நடத்தும் நம் துறவற சபைகளும் செய்யத்தக்க பணி இது.

மனிதர் ஒருவர் மற்றவரை நம்பினால் அதற்கு விலை உண்டு. காதிரைச்சல் உள்ளோர் சிலருக்குப் பேரொலி தாங்கவே முடியாது. அவர் சொல்லை மெய்யென்று ஏற்றால், நம் திருவிழாவின் கூம்பு ஒலிபெருக்கியைத் திருப்பி வைக்க வேண்டும். தேர்ப்பவனியில் வெடிக்கும் வெடிகளைக் குறைக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை 45 டெசிபல் என்று வரம்பிட்டன. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம், சென்னை கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கத்திற்கும் அங்கிருந்த கிறித்தவ சபை ஒன்றிற்கும் இடையே எழுந்த வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென்று எச்சமயமும் விதிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அச்சபை கத்தோலிக்கச் சபையன்று. அதனால் நாம் மகிழ்வதற்கு ஏதுமில்லை. நம் ஆலயக் கோபுரங்களிலும் ஒலிபெருக்கிகள் உள்ளன. மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், காது கேளாதவரை ஆண்டவர் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்ற பின்னரே அவர் காதுகளில் விரல்களை இட்டார் என்பதை நம் விழாக் குழுவினர் ஒருமுறை வாசிக்கலாம்.

பிறர் கேளா ஓசையைக் கேட்கச் செய்ய ஒரு கலைஞர் முயன்றார். செக் நாட்டு இசையமைப்பாளர் ஸ்மெத்தனா 1874-இல் செவித்திறனை இழந்தார். 1876-இல் ‘என் வாழ்விலிருந்து’ என்று பெயரிட்டு, நான்கு நரம்பிசைக் கருவிகளுக்கான படைப்பொன்றை இயற்றினார். அதன் இறுதிப் பகுதி துள்ளலாக ஓடிக்கொண்டிருக்கையில் இசை திடுமென நிற்கிறது; முதல் வயலின் மிக உச்சத்தில் ஒரே ஒரு சுரத்தை நீட்டி ஒலிக்கிறது. அவர் காதுக்குள் கேட்ட கொடிய ஓசை அது. கேட்போர் உடல் சிலிர்க்கின்றனர். தம் பெட்டிக்குள் இருந்த வண்டை அவர் பிறர் முன் பறக்கவிட்டார்.

எல்லாரும் ஸ்மெத்தனா ஆக முடியாது. ஆனால் செயலிகள் சிலவற்றில் ஒரு வசதி உண்டு: ஒலியின் உச்சத்தையும் அளவையும் நகர்த்தி நகர்த்தி, தம் காதிரைச்சலோடு ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்திக் காட்டலாம். ஆரணியில் அரிசி ஆலையொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். கல்லூரியில் பயிலும் பேரன் அவருக்கு இதனைத் தன் கைப்பேசியில் செய்து பார்த்தான். கிழவர் தலையசைத்த இடத்தில் நிறுத்திவிட்டு, காதொலிப்பானைப் பாட்டியின் காதில் வைத்தான். சில நொடிகளில் அம்மையார் அதனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “இதையா ராப்பகலா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?” என்றார். ‘எப்போதும் இதே புலம்பல்’ என்று பல ஆண்டு சொல்லிவந்தவர் அவர்.

கேட்ட பின்னர்தானே நம்பினார் என்று அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. மயிலையில் உயிர்நீத்த தோமையாரும் தொட்டுப் பார்த்தே நம்புவேன் என்றவர்தாம். ஆண்டவர் அவரைக் கடிந்து விரட்டாமல் காயங்களைக் காட்டினார். காணாமல் நம்புவோரின் பேறு பெரிதே. ஆனால் காட்டுவதும் அன்பின் செயல்தான். காயத்தைத் தனியே ஆற்றித் தரும் கருவியைவிட, அதனை அண்டையிலிருப்பவர் தொட்டறியச் செய்யும் கருவியை நாம் மேலாக மதிக்கிறோம்.

பெரியவரின் இரைச்சல் குறைந்துவிடவில்லை. தொலைக்காட்சியின் ஒலி அவ்வீட்டில் குறைந்திருக்கிறது. காலையில் கஞ்சி கொடுக்கும்போது அம்மையார், “இன்னிக்கு எத்தனை?” என்று கேட்கிறாராம். அவர் ஆறு என்பார், சில நாள் நான்கு என்பார். அந்த எண்ணைச் செயலியில் குறிப்பதை அவர் நிறுத்திவிட்டார். இரவில் மழையோசை மட்டும் தொடர்கிறது.